பழைய மஸில் காரில் பாடி மவுண்ட் மாற்றப் போகிறீர்களா?

செவ்ரோலெட் செவெல், போன்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபில் 442, பியூக் ஜிஎஸ். 1964 முதல் 1972 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த இந்த நடுத்தர அளவுக் கார்களில் பாடி வேறு, அதைத் தாங்கும் சேஸிஸ் வேறு. இரும்பும் இரும்பும் உரசாமலிருக்க இரண்டுக்கும் நடுவே கனமான ரப்பர் துண்டுகளை வைத்து, அவற்றின் ஊடாக நீண்ட போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். இதற்குப் பெயர்தான் பாடி மவுண்ட். ஐம்பது ஆண்டுக்கு மேல் வெயில், எண்ணெய், குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு என எல்லாவற்றையும் தாங்கிய அந்த ரப்பர் இன்று பல கார்களில் தட்டையாகி, வெடித்து, உதிர்ந்து கிடக்கிறது.

புதிய செட் சில நூறு டாலருக்குள் கிடைத்துவிடும். கூலிதான் அதைப் பல மடங்கு தாண்டும். செய்த வேலை வெளியே தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். பெயின்ட் சரியில்லை என்றால் கண்ணில் படும். மவுண்ட்டை மாற்றினார்களா, பழைய ரப்பர் மேல் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார்களா என்பது காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவில் இந்தக் கார்களை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் ஏமாறுவதற்கு இதைவிட வசதியான இடம் காரில் வேறெங்கும் இல்லை.

முதலில், உங்கள் காரில் பாடி மவுண்ட் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஃபோர்டு மஸ்டாங், டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோடு ரன்னர் ஆகியவற்றில் பாடியும் சேஸிஸும் ஒரே உடல். 1967-69 கமாரோவில் முன்பாதிக்கு மட்டும் தனி பிரேம் உண்டு, மவுண்ட்டும் அங்கேதான். மஸ்டாங்குக்கு 'பாடி மவுண்ட் முழு செட்' என்று யாராவது பில் எழுதினால் அந்தக் கடையை விட்டு உடனே வெளியே வாருங்கள்.

ரப்பர்தானே என்று அலட்சியம் வேண்டாம். 1965 முதல் 1969 வரை வந்த செவ்ரோலெட் கார்களில் இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்து, இன்ஜின் மேலே எழும்பி, ஆக்ஸிலரேட்டர் இழுபட்டுத் திறந்தபடி நின்றது. 1971 இறுதியில் ஏறத்தாழ 67 லட்சம் வாகனங்களை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. பாடி மவுண்ட் போனால் கதவு தாழ்ந்து இடிக்கும், இடைவெளிகள் கோணலாகும். துரு முற்றி மவுண்ட் பதியும் இரும்பே அரித்துவிட்டால், விபத்தில் பாடி சேஸிஸிலிருந்து விலகும் அபாயம் உண்டு. இன்று குறை கண்டாலும் தயாரிப்பாளரிடம் இலவசத் தீர்வு கேட்க முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் கடமைக்கு 15 ஆண்டுதான் வரம்பு.

வேலையிலுள்ள ஆபத்து பெரியது. துருவேறிய போல்ட்டைத் திருகினால் ஒன்று அது முறியும், அல்லது பாடிக்குள் கூண்டில் அடைபட்ட நட் சேர்ந்து சுழலும். அப்போது தரையை வெட்டித் திறக்க வேண்டிவரும். இதை முன்கூட்டியே பேசித் தொகை குறிக்காத மதிப்பீடு பின்னால் சண்டையில்தான் முடியும். போல்ட்டை இளக்க நெருப்பு காட்டுகிறார்கள். பெட்ரோல் டேங்க், தரை விரிப்பு, அடிப்பூச்சு எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. பாடியைத் தூக்குவதற்கு முன் ஸ்டீயரிங் ராடு இணைப்பு, ரேடியேட்டர் மறைப்பு, பெட்ரோல் ஊற்றும் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், எர்த் வயர் ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். கூரையில்லாத கன்வெர்டிபிளில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புத் தாங்கி வைக்காமல் தூக்கினால் பாடி வளையும். பிறகு கதவு ஒருபோதும் ஒழுங்காக மூடாது. தொழிற்சாலையில் வைத்த மெல்லிய தகடுகள் எந்த மவுண்ட்டில் எத்தனை என்று குறித்துக்கொள்ளாமல் கழற்றுவதும் அதே கதியில்தான் விடும். வீட்டில் செய்கிறவர்களுக்குக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு வையுங்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே மரக்கட்டை செருகாமல் விரலைக்கூட நுழைக்காதீர்கள்.

உரிமை விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தந்தாக வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் தொகையை ஏற்றக் கூடாது. வேலையைக் கடையிடம் ஒப்படைக்கும்போதே கேட்டுவிட்டால், கழற்றிய பழைய உதிரிகளைத் திருப்பித் தர வேண்டும். பாடி மவுண்ட் வேலைக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. நசுங்கிய ரப்பர் பை நிறைய உங்கள் கையில் இருந்தால் மாற்றியது நிஜம். கேட்க மறக்காதீர்கள், முடிந்த பிறகு கேட்டால் குப்பைக்குப் போய்விட்டது என்பார்கள். பில்லில் புதிய உதிரியா பழையதா என்பதும், ரப்பரா பாலியூரித்தேனா என்பதும் இருக்கட்டும். பாலியூரித்தேன் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதிர்வும் சத்தமும் கூடும். சாலையில் ஓட்டுகிறவருக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

அடையாள எண் தகடு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பாடியைத் தூக்கியதும் சேஸிஸ் மோசம் என்று தெரிந்து, வேறு சேஸிஸ் போடலாம் என்பார்கள். 1968-க்குப் பிந்தைய கார்களில் அடையாள எண் கண்ணாடி வழியே தெரியும் தகட்டில் இருக்கும். அதன் ஒரு பகுதி சேஸிஸிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றை மாற்றுவதும் அழிப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பழுதுபார்க்க அவசியமான அளவில் விலக்கு உண்டு என்றாலும் மாநிலச் சட்டம் அதைவிடக் கடுமையாக இருக்கலாம். கன்சாஸில் ஒருவர், ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்ட 1959 கார்வெட் ஒன்றை நல்லெண்ணத்தோடு வாங்கி 2017-ல் பதிவுக்குக் கொண்டுபோனார். புதுப்பித்தபோது தகடு கழற்றி மாட்டப்பட்டிருந்தது என்று போலீஸ் காரைப் பறிமுதல் செய்தது. அவர் பல ஆண்டு வழக்காடினார். புதுப்பிப்புக்காகத் தகட்டைக் கழற்ற இடம் தந்து 2022-ல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. கார் அவரிடம் திரும்ப வந்தது அதன் பிறகுதான். உங்கள் பட்டறையிடம் தகட்டைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். சேஸிஸ் மாற்றினால் அதை வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார், கூடவே படங்கள். தீராவிட்டால் கலிபோர்னியாவில் வாகனப் பழுதுபார்ப்புத் துறை. நியூயார்க்கில் மோட்டார் வாகனத் துறை. அங்கே 90 நாள் அல்லது 3,000 மைல், எது முதலில் வருகிறதோ அதற்குள் முறையிட வேண்டும். சிறு வழக்கு நீதிமன்றம் எல்லா மாநிலத்திலும் உண்டு. கலிபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை கோரலாம். பணம் தராமல் காரை எடுத்துவர முயலாதீர்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட வேலைக்குப் பணம் வரும்வரை காரைப் பிடித்துவைக்கும் உரிமை பெரும்பாலான மாநிலங்களில் கடைக்கு உண்டு. ஆட்சேபத்தை எழுதிக்கொடுத்து, பணத்தைச் செலுத்தி, காரை மீட்டு, அதன்பின் வழக்குக்குப் போங்கள்.

காரைக் கடையிடம் ஒப்படைக்கும் நாளிலேயே ஒவ்வொரு மவுண்ட்டையும் கீழிருந்து தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.