ஒரே மாத்திரை, வேறு கேள்வி

1970-களில் இங்கிலாந்தில் மூன்று வயதுக் குழந்தையை இழுப்பு முற்றிய நிலையில் தூக்கிக்கொண்டு வந்தால் ஆக்சிஜன், அமினோஃபிலின் டிரிப், நெபுலைசர் என்று வைத்தியம் தொடங்கும். ஸ்டீராய்டுக்குக் கடைசி இடம். எதற்கும் அடங்காத குழந்தைக்குத்தான் அது. பயத்துக்குக் காரணமும் இருந்தது. மாதக்கணக்கில் தினமும் ஸ்டீராய்டு விழுங்கிய பிள்ளைகளுக்கு முகம் ஊதியதையும் வளர்த்தி நின்றதையும் டாக்டர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆனால் மாதக்கணக்கு வேறு, மூன்று நாள் வேறு. அந்த வித்தியாசம் பயத்துக்குத் தெரியவில்லை.

1987-இல் பிரைட்டன் நகர டாக்டர்கள் எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். இழுப்போடு வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒரே ஒரு வேளை ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு: ஐந்து வயதுக்குக் கீழே 30 மி.கி., மேலே 60 மி.கி. மீதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோது மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. மற்றவர்களில் 3 சதவீதம்தான்.

அதற்குப் பிறகு காற்று திசை மாறியது. கைக்குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலும் ப்ரெட்னிசலோன் என்றானது. கொடுப்பது லேசான வேலை இல்லை. மாத்திரையை நுணுக்கி ஜாமில் குழைத்து வாயில் வைப்பார்கள். கசப்பு நாக்கில் பட்டதும் குழந்தை அத்தனையையும் உமிழ்ந்துவிடும். உள்ளே எவ்வளவு போனது, திரும்பக் கொடுக்கலாமா என்று நர்சும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அதற்காக யாரும் கொடுக்காமல் விடவில்லை.

2009-இல் அந்தப் பழக்கத்துக்கு அடி விழுந்தது. வைரஸ் சளியால் மூச்சிரைத்து இங்கிலாந்து மருத்துவமனைகளில் சேர்ந்த 687 சிறு குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு அது. 10 மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகள். ஐந்து நாள் ப்ரெட்னிசலோன் சாப்பிட்டவர்களும் மருந்தே கலக்காததைச் சாப்பிட்டவர்களும் வீடு திரும்பிய நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

மருந்து பொய் என்று சிலர் படித்தார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பிரைட்டனில் வென்ற அதே மாத்திரைதான் இது. வேறாக இருந்தது குழந்தைகள். சளியோடு வந்து சளியோடு போகும் இரைப்பும், பின்னாளில் ஆஸ்துமாவாக நிலைக்கப்போகும் இரைப்பும் ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றுபோலவே கேட்கும். டெர்பியில் ஹாரி மாரோ பிரவுன் என்ற நெஞ்சுநோய் மருத்துவர் 1958-லேயே பெரியவர்களிடம் இதுபோன்ற ஒரு வித்தியாசத்தைக் கண்டு எழுதியிருந்தார். சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் நிறைய இருந்தவர்களுக்கே ஸ்டீராய்டு கேட்கிறது என்றார். இரண்டு வயதுக் குழந்தையிடம் சளியைக் காறித் துப்பச் சொல்ல முடியுமா? அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் பாடம் தொட்டில்வரை வந்து சேராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2018-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இரண்டு முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் ப்ரெட்னிசலோனை மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்கள் சுமார் ஆறு மணி நேரத்திலும் மற்றவர்கள் ஒன்பது மணி நேரத்திலும் வீடு திரும்பத் தயாரானார்கள். இரைப்பு கடுமையாக இருந்த பிள்ளைகளுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

இன்றைய வழக்கம் இப்படி நிற்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைக்கு இழுப்பு கண்டால் ஸ்டீராய்டு கொடுக்கத் தாமதிப்பதில்லை. மருந்து வேலை காட்டவே நாலு மணி நேரம்போல ஆகும் என்பதால் முதல் மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு லேசான இரைப்பு என்றால் ஸ்பேசர் குழாயோடு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் கொடுத்துவிட்டுக் கவனிப்பது போதும். நிலைமை மோசம் என்றால் ஸ்டீராய்டு கொடுக்க வயது பார்ப்பதில்லை. ஐந்து நாள் ப்ரெட்னிசலோனுக்குப் பதில் ஒன்றிரண்டு வேளை டெக்ஸாமெத்தசோன் என்ற வேறொரு ஸ்டீராய்டோடு முடிக்கும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. உமிழ்வது அதில் குறைவு.

அடிக்கடி இப்படிக் கொடுக்க வேண்டிவந்தால், தினமும் இழுக்கும், ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர் தேவையா என்று டாக்டர் யோசிக்க வேண்டும். அதனால் இந்த வருஷம் எத்தனை முறை ஸ்டீராய்டு கொடுத்தீர்கள் என்று கேட்பார். நம் ஊரில் இங்கேதான் சிக்கல். இன்ஹேலர் என்றதும் "ஸ்டீராய்டா, வேண்டாம் டாக்டர்" என்கிற வீட்டிலேயே, மருந்துக்கடையில் இருமலுக்கு என்று கேட்டு வாங்கிய பொட்டலத்தில் அதே ஸ்டீராய்டு மாத்திரை இருந்திருக்கலாம். பொட்டலத்தில் பெயர் இல்லை, கையில் சீட்டும் இல்லை. டாக்டர் கேட்கும் கணக்கை அந்த அம்மா எதை வைத்துச் சொல்வார்?