கைநாட்டுக்கு மறுத்த ஊர்

கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் 1930-ல் விரல் ரேகை தர மறுத்தார்கள். இன்று ரேஷன் அரிசிக்கே ரேகை வைக்கிறோம். ஆனால் உடலின் விவரம் யாருக்குச் சொந்தம் என்ற பழைய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பொழுது விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. டிபன் பாக்ஸ், தோள் பை, காதில் ஒயர். பெங்களூருக்கு சுமார் நூறு கிலோமீட்டர். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்ட பிறகு, தங்கவயலின் இளைஞர்களுக்கு இந்த ரயில்தான் சுரங்கம். தாத்தாக்கள் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கினார்கள். பேரப்பிள்ளைகள் ரயில் பெட்டியில் ஏறி நகரத்துக்குள் இறங்குகிறார்கள்.

எல்லோர் கையிலும் செல்போன். சம்பளம், கேஸ் மானியம், வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அதற்குள். வீட்டில் இருக்கும் பெரியவருக்கு செல்போன் பழகவில்லை என்றாலும் ஆதார் எண் உண்டு. ரேஷன் கடைக்குப் போனால் கருவியில் விரலை வைக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பாறையையும் இரும்பையும் பிடித்த கை அது. ரேகை தேய்ந்திருக்கும். கருவி சில சமயம் "இல்லை" என்று சொல்லும். துடைத்துவிட்டு மறுபடியும் வைக்க வேண்டும்.

தொழில்நுட்பம் தங்கவயலுக்குப் புதிதல்ல. சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-ல் சுமார் 150 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து சேர்ந்தது இங்கேதான். பெங்களூரு நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905-ல். விரல் ரேகையும் அப்படித்தான். நாடே ஆதாருக்காக வரிசையில் நிற்பதற்கு எண்பது ஆண்டுகள் முன்பே அந்த விவகாரம் இந்த ஊரில் வெடித்தது.

மூன்று வாரம் நின்ற சுரங்கம்

1930-ல் சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளர்களைப் புதிதாகப் பதிவு செய்ய முற்பட்டன. விரல் ரேகை கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்போது தொழிலாளர்களுக்குச் சங்கம் கிடையாது. பெயர் சொல்லும்படியான தலைவரும் கிடையாது. பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த தலித் குடும்பங்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். சுரங்கங்கள் மூன்று வாரம் முடங்கின. இந்த வேலைநிறுத்தத்தை வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

ஒரு மைத்தடத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவரின் உடம்பைத் தடவிச் சோதிப்பது அங்கே வழக்கம். தங்கம் திருடுகிறவன் என்ற சந்தேகம் எல்லோர் மீதும் இருந்தது. விரல் ரேகையோ அந்நாளில் போலீஸ் சமாசாரம். கல்கத்தாவில் 1897-ல் விரல் ரேகைக் கூடம் திறக்கப்பட்டதே குற்றவாளிகளைக் கண்டுபிடிக்கத்தான். இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் பெயரை மாற்றிக்கொண்டு பக்கத்துச் சுரங்கத்தில் சேர முடியும். ரேகை பதிவாகிவிட்டால் அந்தக் கதவும் அடைந்துவிடும்.

இதற்கு முன்னோடி இன்னொரு தங்க நகரத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் அனைவரும் விரல் ரேகை கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, 1906 செப்டம்பர் 11-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய கூட்டம் அதை எதிர்ப்பதாக உறுதி எடுத்தது. காந்தியின் சத்தியாக்கிரகம் பிறந்தது அங்கேதான். அந்தப் போராட்டத்தில் தமிழர்கள் பெருமளவில் சிறை சென்றார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவரை "கைநாட்டு" என்று ஏளனம் செய்தது நம் சமூகம். இன்று ஐ.டி. கம்பெனி வாசலில் விரல் வைத்துத்தான் என்ஜினீயரும் உள்ளே போகிறார். எல்லோரும் கைநாட்டு ஆகிவிட்டோம்.

மாற்ற முடியாத பூட்டு

விரல் ரேகையில் வசதி இருக்கிறது; மறுப்பதற்கில்லை. கிராமத்தில் இருக்கும் பாட்டி வங்கிக்குப் போகாமல், வங்கி முகவரின் சிறு கருவியில் விரல் வைத்துப் பென்ஷன் பணத்தை எடுக்கிறார். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை இருந்தால் போதும். ஏ.டி.எம். கார்டு வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டாம்.

ஆபத்தும் அங்கேதான். 2023-ல் பெங்களூரில் சொத்துப் பத்திரம் பதிவு செய்த சிலரின் கணக்கிலிருந்து பணம் காணாமல் போனது. பத்திர நகலில் ஆதார் எண்ணும் இருந்தது, விரல் ரேகையும் இருந்தது. அந்த ரேகையை வைத்துப் போலி ரேகை செய்து, வங்கி முகவர் கருவி வழியே பணத்தை எடுத்திருந்தார்கள். பிறகுதான் நகல்களில் ரேகையை மறைக்கும் ஏற்பாட்டைப் பதிவுத்துறை கையில் எடுத்தது.

பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கார்டு தொலைந்தால் வேறு கார்டு வாங்கலாம். விரல் ரேகை திருடு போனால்? பத்து விரல்தான் இருக்கிறது. பதினொன்றாவது கிடையாது.

தற்காப்புக்கு ஒரு வழி இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ அதன் ஆப்பிலோ போய், விரல் ரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டியிருக்கும்போது யார் வைத்தாலும் ரேகை செல்லாது. ரேஷன் கடைக்குப் போகும் நாளில் மட்டும் திறந்துவிட்டு மறுபடியும் பூட்ட வேண்டும். ஆனால் இதற்கு ஆதாரோடு இணைத்த செல்போன் எண் வேண்டும். யாருக்கு இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அந்த முதியவர்களில் பலருக்கு அதுதான் இல்லை. வீட்டில் இருக்கும் பிள்ளைகள் செய்துகொடுக்க வேண்டிய வேலை இது.

பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. தங்கவயல் தொழிலாளர்கள் ரேகை தர மறுத்த ஆண்டும் அதே 1930. தற்செயல்தான், ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு எண் மறக்காது. வங்கிக்கும் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறில்லாமல் நடந்த மின்னணு மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் அவர் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி வகுத்தது.

நெஞ்சுக்குள் இருக்கும் ஆவணம்

தங்கவயல்காரர்களின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட இன்னொரு பதிவு உண்டு. மார்பு எக்ஸ்ரே.

இங்கே தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளையிடும்போது பறக்கும் சிலிக்கா தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள்தான் எமன். அவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துகொள்கின்றன. உடம்பின் காவல் செல்கள் அவற்றை விழுங்கிப் பார்க்கும். செரிக்க முடியாமல் செத்துப்போகும். அந்த இடம் தழும்பாகும். தழும்பு பெருகப் பெருக மூச்சு சுருங்கும். இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்டு ஆண்டுகள் கழிந்த பிறகும் நோய் வளரும். குணப்படுத்த மருந்தில்லை. காசநோய் பிடிக்கும் வாய்ப்பையும் அதிகமாக்கும்.

மைசூர் அரசு 1940-ல் இந்த நோய்க்கு இழப்பீடு தரும் விதிகளைக் கொண்டுவந்தது. அதையொட்டித் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். 1940-க்கும் 46-க்கும் இடையில் ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் பரிசோதிக்கப்பட்டார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. இந்தியாவில் இந்த நோய் பற்றிய முதல் ஆய்வறிக்கை 1947-ல் இங்கிருந்துதான் வந்தது. அந்த ஆய்வில் பங்கெடுத்த டாக்டர் ஆன்டனி கேப்ளன் பின்னர் பிரிட்டனின் கார்டிப் நகருக்குப் போனார். நிலக்கரித் தொழிலாளர்களிடம் அவர் 1953-ல் கண்ட ஒரு நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான்.

எக்ஸ்ரேயால் டாக்டருக்கு அறிவு கிடைத்தது, மருத்துவ உலகத்துக்குப் பாடம் கிடைத்தது, சர்க்காருக்குக் கணக்கு கிடைத்தது. ஆனால் நெஞ்சைக் காட்டியவர் வீட்டில் அந்தப் படத்தின் நகல் இருக்கிறதா? சுரங்கத்தோடு ஆஸ்பத்திரியும் மூடிய ஊரில் இது வெறும் சரித்திரக் கேள்வி அல்ல. இழுத்து இழுத்து மூச்சு விடும் பெரியவரை டாக்டரிடம் அழைத்துப் போனால், இருமலைப் பார்த்துக் காசநோய் மாத்திரை எழுதிவிட வாய்ப்பு அதிகம். இரண்டு நோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோல் ஏமாற்றும். "இவர் சுரங்கத்தில் இத்தனை வருஷம் துளையிட்டவர்" என்ற ஒரு வரி அங்கே எந்தக் கருவியையும் விடப் பெரிய உதவி.

இப்போது அந்த இடத்தை வாட்ஸ்அப் வைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்பது பழைய நம்பிக்கை. மூலிகைக் கஷாயம் குடித்தால் நுரையீரல் "கழுவப்படும்" என்பது புதிய பார்வர்டு. சாப்பாடு போகும் பாதை வேறு, மூச்சு போகும் பாதை வேறு. வெல்லம் நாக்குக்கு இனிப்பு. நுரையீரலில் தைத்த கல்துகளை அது தொடக்கூட முடியாது. தூசியை உள்ளே விடாமல் தடுப்பது ஒன்றே வழி: தண்ணீர் விட்டுத் துளையிடுவது, காற்றோட்டம், சரியான முகக்கவசம்.

சட்டத்தின் கை எவ்வளவு நீளம்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகச் சொன்னது. ஆதாரை எதிர்த்து அந்த வழக்கைப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. மனு போட்ட 2012-ல் அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மறு ஆண்டே, 2018-ல், நீதிமன்றம் ஆதாரை ஏற்றுக்கொண்டது. ஆனால் தனியார் கம்பெனிகள் அதைக் கட்டாயமாகக் கேட்க வழி செய்த பிரிவை ரத்து செய்தது.

அதன் தொடர்ச்சியாக வந்தது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து அமலாகும்படி காலம் கொடுக்கப்பட்டது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், தவறைத் திருத்தச் சொல்லவும் இந்தச் சட்டம் உரிமை தருகிறது. விவரங்களைக் காப்பாற்றத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

நல்லதுதான். ஆனால் தங்கவயலிலிருந்து பார்த்தால் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன. அபராதம் முழுக்க அரசுக் கஜானாவுக்குப் போகும். விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. 1940-ன் சமஸ்தான விதி கூட நோயாளியின் கையில்தான் பணத்தைக் கொடுத்தது. அடுத்து, முந்தைய மசோதாவில் மருத்துவ விவரங்களுக்கு இருந்த தனி அந்தஸ்து இதில் இல்லை. செருப்பு வாங்கிய ரசீதும் நுரையீரல் ரிப்போர்ட்டும் ஒரே தட்டில். கடைசியாக, கம்ப்யூட்டரில் ஏறிய விவரத்துக்கு மட்டுமே சட்டம் பேசும். பழைய எக்ஸ்ரே பிலிமும் காகிதப் பதிவேடும் அதன் கண்ணில் படாது.

இந்த ஓட்டைகளை இப்போதே பேசக் காரணம் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் குன்றுகள்போல் நிற்கும் பதின்மூன்று சயனைடு மண்மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க, மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல். வேலை வரும் என்று ஊர் எதிர்பார்க்கிறது, எதிர்பார்ப்பதும் நியாயம்தான். ஆனால் அந்த மேடுகள் பொடியாக்கிய பாறை. கிளறினால் தூசி வரும்.

ஆகவே மண்வெட்டி விழும் முன்பே சில காரியங்கள் நடக்க வேண்டும். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே மார்பு எக்ஸ்ரே. அதன் நகல் அவர் கையில். பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் மிஞ்சியிருப்பதைத் திரட்டி, கேட்கும் குடும்பத்துக்குப் பிரதி. ரேகை தேய்ந்த கைக்கு வேறு வழியில் அடையாளம். இதெல்லாம் பெரிய தொழில்நுட்பம் இல்லை. அலமாரியும் ரசீதும் மனசும் போதும்.

1930-ல் அவர்கள் மறுத்தது மையை அல்ல. தங்கள் உடம்பைப் பற்றித் தங்களுக்குத் தெரியாத ஒரு புத்தகம் அடுத்தவர் மேஜையில் இருப்பதைத்தான். புத்தகம் இன்று கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமையை மட்டும் தங்கவயல் விட்டுக்கொடுக்கக் கூடாது.