நட்டுவனாரும் ஆடலமைப்பின் உரிமையும்

நட்டுவனார் என்பவர் ஆடுபவருக்குப் பயிற்சி அளித்து, அரங்கில் கைத்தாளம் தட்டிச் சொற்கட்டுகளைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர். சதிர் என்று வழங்கிப் பின்னர் பரதநாட்டியம் எனப் பெயர் பெற்ற ஆடலின் இன்றைய வடிவம், பெருமளவு தஞ்சைக் காவிரிப் படுகையின் நட்டுவனார் குடும்பங்களில் உருவானது. அந்த ஆடலில் ஒரு பாடலை இயற்றியவர் யார் என்பது பெரும்பாலும் தெரியும். அப்பாடலுக்கு ஆடலை அமைத்தவர் யார் என்பது பல வேளைகளில் தெரியாது.

கல்வெட்டில் உள்ளதும் இல்லாததும்

இராசராசன் 1010-இல் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயரோடு குறிக்கிறது. எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு என்பதுவரை அதில் உண்டு. ஒருவருக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தவர்களுக்கும் பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 செதுக்கப்பட்டு, மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. யார் ஆடினார், யார் ஆட்டுவித்தார், எவ்வளவு நெல் பெற்றார் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. எந்த ஆடலை யார் அமைத்தார் என்பது மட்டும் இல்லை.

எது பொது, எது ஒருவருடையது

தட்டடவு, நாட்டடவு போன்ற அடவுகள் மொழியின் சொற்களைப் போன்றவை. அவற்றுக்கு உரிமையாளர் கிடையாது. அடவுகளைக் கோத்து ஜதியாக்கும் முறையில்தான் நட்டுவனாரின் கைவண்ணம் தெரிகிறது. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தை 32 மாத்திரையாகக் கொள்ளலாம். ‘ததிங்கிணதொம்’ என்னும் ஐந்து மாத்திரைச் சொல்லை மும்முறை சொல்லி முடித்தால் 15 மாத்திரை போய்விடும். மீதி 17 மாத்திரையை எந்தச் சொற்களால், எந்த நடையால் நிரப்பிப் பாடலின் எடுப்பில் கொண்டுவந்து சேர்ப்பது என்பதில் இரண்டு ஆசிரியர்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. வர்ணத்தின் தொடக்கத்தில் மூன்று காலங்களில் சொல்லப்படும் திரிகால ஜதி, இந்தத் திறமைக்கு உரைகல்லாகக் கருதப்படுகிறது.

இப்படி அமைத்த ஜதிகள் வாய்வழியாகவே மாணவருக்குச் சென்றன; சில குறிப்பேடுகளில் எழுதப்பட்டன. அவற்றைச் சொல்லி நடத்துவதே குடும்பத்தின் பிழைப்பாகவும் இருந்தது. ஆகவே பகிர்தலும் காத்தலும் ஒரே வீட்டில் நடந்தன.

பாடலாசிரியரின் நிலை வேறு. க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களில் ‘முவ்வ கோபால’ என்னும் முத்திரை பாடலுக்குள்ளேயே அமைந்திருப்பதால், யார் பாடினாலும் அவர் அடையாளம் கூடவே செல்லும். ஜதிக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை.

ஊர்ப்பெயரே அடையாளம்

சின்னையா (1802), பொன்னையா (1804), சிவானந்தம் (1808), வடிவேலு (1810) ஆகிய தஞ்சை நால்வர், இரண்டாம் சரபோஜியின் அவையில் விளங்கியவர்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தியவர்கள் என்று அறியப்படுகிறார்கள். பின்னர் சின்னையா மைசூருக்கும் வடிவேலு திருவிதாங்கூருக்கும் சென்றதால் அந்த முறையும் அங்கெல்லாம் பரவியது. ஊரில் இருந்த மரபினரிடம் அது பந்தநல்லூர், வழுவூர் என்று ஊர்ப்பெயர் தாங்கிய பாணிகளாக வளர்ந்தது. பாணியின் பெயரைச் சொல்வதும் ஒருவகையில் நன்றி சொல்வதுதான். ஆனால் அந்த நன்றி ஊருக்குச் சேர்கிறது; ஆளின் பெயர் அதற்குள் கரைந்துவிடுகிறது.

கும்மியிலும் கோலாட்டத்திலும் இது குறையாகத் தோன்றுவதில்லை. முன்னின்று பாடும் பெண்ணின் அடியை மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஆட்டம் ஊரின் சொத்து. 1651-இல் இங்கிலாந்தில் ஜான் பிளேஃபோர்டு அச்சிட்ட நாட்டார் நடன நூலும் நடனங்களின் பெயர்களைத் தந்ததே தவிர, அமைத்தவர்களின் பெயர்களைத் தரவில்லை. இன்று அமெரிக்காவில் கான்ட்ரா நடனத்தை அறிவிப்பவர்கள் பலர் அமைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதாவது, வழக்கத்தை மாற்ற முடியும்.

அரங்கை விட்டு விலகியபோது

1935 டிசம்பர் 30 அன்று அடையாறில் ருக்மிணி தேவி ஆடியது, அவருடைய ஆசிரியர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1869–1954) கற்ற ஆடல். 1936-இல் கலாக்ஷேத்திரா தொடங்கியது. அங்கே கற்பித்த சொக்கலிங்கம் பிள்ளை 1943-இல் விலகியபின், நட்டுவனார் குடும்பங்களைச் சேராதவர்களும் நட்டுவாங்கம் செய்யும் நிலை வலுப்பெற்றது. கலை பரவியதற்கு இது பெரிதும் உதவியது. ஆனால் ஆடலை அமைத்தவரும் அரங்கில் ஜதி சொல்பவரும் வேறு வேறு ஆட்கள் ஆனார்கள். முன்பு ஜதி சொல்லும் குரலே அமைத்தவரின் கையொப்பமாக இருந்தது. இப்போது நிகழ்ச்சி நிரலில் இராகம், தாளம், பாடலாசிரியர் வரிசையாக வருகின்றன. ஆடலமைப்பு என்ற இடத்தில் ‘மரபுவழி’ என்ற ஒரு சொல்லே பலமுறை நிற்கிறது. அது பொய்யல்ல. ஆனால் அந்த மரபைச் செய்தவர்களுக்கும் பெயர்கள் இருந்தன.

சட்டம் தருவது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஆடலமைப்பை நாடகப் படைப்புகளுள் ஒன்றாகக் கொள்கிறது. அது எழுத்திலோ வேறு வகையிலோ நிலைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பாதுகாப்பு, படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும். வாய்வழி மட்டுமே வந்த ஜதி இந்த நிபந்தனையிலேயே தடுக்கி விழுகிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஓர் அமைப்பு எழுத்தில் இருந்திருந்தாலும், அதற்கான காலம் 2014 முடிவோடு தீர்ந்திருக்கும். அதன்பின் அதை ஆட எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. நிரலில் அவர் பெயரை அச்சிடவும் எந்தத் தடையும் இல்லை.