பட்டியலைப் போடுபவர் யார்?

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம்.

பழைய மாணவர் குழு ஒன்றில் 35 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் குடும்பத்தோடு இரண்டு நாள் எங்கேயாவது போய்வரலாம் என்று பேச்சு கிளம்புகிறது. "ஒரு போல் போட்டுடுங்க அட்மின்" என்று ஒருவர் எழுதுகிறார். அட்மினும் நான்கு ஊர்களைப் போடுகிறார்: ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ராமேஸ்வரம். ஆளுக்கு ஒரு ஓட்டு. ஊட்டிக்கு 9, கொடைக்கானலுக்கு 8, ஏற்காட்டுக்கு 6, ராமேஸ்வரத்துக்கு 12. ராமேஸ்வரம் ஜெயித்தது, பஸ்ஸுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

இப்போது எண்களைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மலைக்குப் போக நினைத்தவர்கள் 23 பேர். கடலுக்கு 12 பேர்தான். யாரும் தில்லுமுல்லு செய்யவில்லை, எண்ணியதிலும் பிழையில்லை. மலைக்கு மூன்று ஊர், கடலுக்கு ஒரே ஊர் என்று பட்டியல் அமைந்ததால் மலைக்காரர்களின் ஓட்டு மூன்றாக உடைந்துபோனது. "மலையா, கடலா" என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு எந்த ஊர் என்று கேட்டிருந்தால், அதே 35 பேர், அதே ஆசைகளோடு, வேறு ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள்.

ஓட்டெடுப்பு பற்றி நான் சொல்ல விரும்புவதில் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது. முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுபவர், கேள்வியையும் பட்டியலையும் போடுபவர். வாட்ஸ்அப்பில் 2022 நவம்பரில் ஓட்டெடுப்பு வசதி வந்ததிலிருந்து அந்த இடத்தில் நாம் எல்லோரும் மாறி மாறி உட்காருகிறோம். முன்பு தேர்தல் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் மட்டும் கவலைப்பட்ட விஷயங்கள், இன்று குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன.

உடையும் ஓட்டுக்கு எளிய மருந்து, ஒருவர் எத்தனையை வேண்டுமானாலும் தொடலாம் என்று விட்டுவிடுவது. "எந்த ஊருக்கெல்லாம் வரச் சம்மதம்?" என்று கேட்டால் மலைக்காரர் மூன்று மலையையும் தொடுவார், அதிகம் பேருக்குச் சம்மதமான ஊர் மேலே வரும். ஸ்டீவன் பிராம்ஸும் பீட்டர் ஃபிஷ்பர்னும் 1978-இல் இந்த முறையை அலசி எழுதினார்கள். வாட்ஸ்அப்பில் தொடக்கத்தில் இப்படிப் பல பதில்களைத் தொடும் வழிதான் இருந்தது. ஒருவருக்கு ஒரே பதில் என்று கட்டுப்படுத்தும் வசதி அடுத்த ஆண்டுதான் சேர்ந்தது. பலரும் அதைக் கண்டதும் சந்தோஷமாக மாறிக்கொண்டார்கள். "ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு" என்பது தேர்தல்போல நியாயமாகத் தெரிகிறது. இரண்டே பதில் இருக்கும்போது அது நியாயம்தான். மூன்று, நான்கு என்று போகும்போது, பல பதில் வழியே நல்லது என்பேன்.

இன்னொரு மருந்து, 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசைப்படுத்துவது. இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 1982-லிருந்து நடந்த தேர்தல்களில் யாராவது ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டிவிட்டதால், இரண்டாம் விருப்பத்தை எண்ணும் தேவையே வரவில்லை. 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம், சஜித் பிரேமதாச 32.76. மற்ற வேட்பாளர்களை விலக்கி, அவர்களுக்குப் போட்ட சீட்டுகளில் இந்த இருவருக்கும் குறிக்கப்பட்ட அடுத்த விருப்பங்களை எண்ணினார்கள். மூன்றாவதாக வந்த ரணில் விக்கிரமசிங்கவுக்கு மட்டும் ஏறத்தாழ 23 லட்சம் வாக்குகள். ஆனால் இருவருக்கும் சேர்த்துப் புதிதாகக் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 73 ஆயிரம்தான். மிகப் பெரும்பாலோர் ஒரே ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வசதி சட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தும் கைக்குப் பழகவில்லை. உங்கள் குழுவில் வரிசைப்படுத்தச் சொல்வதானால், இரண்டாவதை எழுதினால் முதலாவதற்குக் கெடுதல் வராது என்பதை முதலில் விளக்கியாக வேண்டும்.

எந்த முறையிலும் ஏதோ ஒரு ஓட்டை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். விருப்பங்களை வரிசைப்படுத்தும் முறைகளுக்குக் கெனத் ஆரோ 1951-இல் அதைக் கணிதமாகவே நிறுவினார். அதனால் முறையைப் பற்றிச் சண்டை போடுவதைவிட, பட்டியலைப் போடுவதற்கு ஒருநாள் முன்னால் "வேறு என்னென்ன சேர்க்கலாம்?" என்று குழுவைக் கேட்டுவிடுவது அதிகப் பலன் தரும். நியூசிலாந்தில் கொடியை மாற்றும் வாக்கெடுப்புக்கு நான்கு வடிவங்களைத் தேர்ந்து வைத்திருந்தார்கள். பட்டியலில் இல்லாத ஒன்றுக்காக மக்கள் குரல் கொடுத்ததால், 2015-இல் அது ஐந்தாவதாகச் சேர்ந்தது. அங்கே எனக்கு உறுத்துவது கேள்விகளின் வரிசை. புதிய கொடி எது என்று முதலில் கேட்டார்கள். பழையதை மாற்றவே வேண்டுமா என்று 2016 மார்ச்சில் கடைசியாகக் கேட்டார்கள். வேண்டாம் என்று 56 சதவீதத்துக்கும் மேல் சொல்லிவிட்டார்கள். "இப்போதைக்கு எதுவும் வேண்டாம்" என்பதற்கும் பட்டியலில் ஓர் இடம் வேண்டும். நம் நாட்டு வாக்கு இயந்திரத்தில் நோட்டா 2013-இல்தான் வந்தது. சங்கங்களின் ஓட்டெடுப்புகளில் இன்னும் பெரும்பாலும் வரவில்லை.

இனி, பலரும் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன்: ஓட்டு விழுந்துகொண்டிருக்கும்போதே எண்ணிக்கை எல்லோர் கண்ணிலும் படுவது. அமெரிக்காவில் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். யாருக்கும் அறிமுகமில்லாத 48 பாடல்கள், 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேட்பவர்கள். ஒரு சாராருக்குப் பாடல்களை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண்ணைப் பார்த்தவர்களிடையே ஜெயித்த பாட்டு ஒரேயடியாக ஜெயித்தது. ஆனால் எந்தப் பாட்டு மேலே வந்தது என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்லவை அதிகம் தாழவில்லை, மிக மோசமானவை அதிகம் ஏறவில்லை. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடந்தது. முதலில் தொட்டவர்கள் யார் என்பதும் முடிவை மாற்றியது.

எண்ணோடு பெயரும் தெரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். சாலமன் ஆஷ் 1950-களில் செய்த கோட்டுச் சோதனையில் விடை பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும். அறையில் இருந்த மற்றவர்கள், முன்பே பேசி வைத்துக்கொண்டு, தவறான விடையைச் சத்தமாகச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது அந்தத் தவறோடு சேர்ந்துகொண்டார்கள். விடையை யாருக்கும் தெரியாமல் எழுதித் தரலாம் என்றதும் அப்படிச் சேர்வது வெகுவாகக் குறைந்தது. வாட்ஸ்அப் குழுவில் யார் எதைத் தொட்டார் என்பது வழக்கமாகப் பெயரோடு தெரியும். ஊருக்குப் போவதற்கு அது பரவாயில்லை. "வாட்ச்மேனை மாற்றலாமா", "பராமரிப்புத் தொகையை உயர்த்தலாமா" என்பதற்கு அது ஆகாது. தலைவர் முதலில் தொட்டுவிட்டால், அவர் வீட்டுக்கு எதிரே குடியிருப்பவர் பிறகு எதைத் தொடுவார்? டெலிகிராமில் பெயர் தெரியாமல் நடத்தலாம். அதுவும் இல்லையென்றால், மடித்த காகிதமும் ஒரு பெட்டியும் போதும்.

ஓட்டுப் போடாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை, ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. முகவரிகளை எடுத்தது டெலிபோன் பட்டியலிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும். சுமார் 23 லட்சம் அட்டைகள் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். 23 லட்சம் பேரின் பதில் கையில் இருந்தும் கணிப்பு கவிழ்ந்ததற்குக் காரணம், பட்டியலில் இல்லாதவர்களும் பதில் அனுப்பாதவர்களும் வேறு மாதிரி நினைத்ததே.

நம் குடியிருப்புக் குழுக்களில் வீட்டுக்கு ஒரு எண்தான் இருக்கும்; அது பெரும்பாலும் வீட்டு ஆணுடையது. தண்ணீர் காலையில் எத்தனை மணிக்கு விட வேண்டும் என்ற ஓட்டெடுப்பில், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சமைக்கிறவர் குழுவிலேயே இல்லை. இரவு வேலை முடிந்து தூங்குகிறவர் எழுந்து பார்க்கும்போது அட்மின் முடிவை அறிவித்திருப்பார். ஸ்மார்ட்போன் இல்லாத மூன்றாம் மாடித் தாத்தாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது எனக்குப் பொறுக்காத விஷயம். குறைந்தது இரண்டு முழு நாள் திறந்து வையுங்கள். முடியும் நேரத்தை முதலிலேயே எழுதுங்கள். போடாதவர் வீட்டுக் கதவை ஒருவர் போய்த் தட்டட்டும்.

முடிவு கட்டாயமா, யோசனைதானா என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். 2016-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டபோது, விளையாட்டாக முன்மொழியப்பட்ட "போட்டி மக்போட்ஃபேஸ்" ஒரு லட்சத்து 24 ஆயிரம் ஓட்டோடு ஜெயித்தது. கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்து, ஜெயித்த பெயரை அதன் தானியங்கி நீர்மூழ்கி ஒன்றுக்குக் கொடுத்தார்கள். ஓட்டு யோசனை மட்டுமே என்பது விதியில் இருந்தது. ஆனாலும் போட்டவர்கள் கோபித்தார்கள். விதி, எல்லோருக்கும் தெரியும்படி கேள்விக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, ஓட்டுக்கு விடவே கூடாதவை. மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் குடிக்க ஏற்றதா என்பதைப் பரிசோதனைக் கூடம் சொல்ல வேண்டும். 40 பேர் சொல்ல முடியாது. அதேபோல, கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலியில் வரும் ஒரே ஒருவருக்காகச் சாய்தளம் கட்டலாமா என்று 59 வீடுகளைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் வீட்டை விட்டு வெளியே வரலாமா என்பது மற்றவர்கள் கொடுக்கும் அனுமதி அல்ல. சாய்தளம் வாசலுக்கு எந்தப் பக்கம் வரட்டும், வேலையை எந்தக் கிழமை தொடங்கலாம் என்று வேண்டுமானால் கேளுங்கள். அந்தக் கேள்வியையும் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுக் குழுவில் போடுங்கள்.