குளுகுளு தளிக்குப் போகும் கார் கொதிப்பது ஏன்?
மூடியில் கை வைத்தால் முகம் வெந்துவிடும்!

தளிக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர். அந்தக் குளுகுளு ஊருக்குப் போகும் காரே வழியில் கொதித்து நிற்பது உண்டு!

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் வழியாக வந்தால் மேலுமலை ஏற்றம் குறுக்கிடும். கிருஷ்ணகிரியைவிட ஓசூர் 300 மீட்டருக்கும் மேல் உயரம். ஏ.சி. போட்டு, லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் சூடுமானி முள் சிவப்பைத் தொடும்.

உடனே ஏ.சி.யை அணைத்து ஓரங்கட்ட வேண்டும். என்ஜினை நிறுத்தி அரைமணி நேரமாவது ஆறவிட வேண்டும்.

“சும்மா திறந்து பார்ப்போமே” என்று ரேடியேட்டர் மூடியைத் தொட்டால் ஆபத்து! உள்ளே இருக்கும் அழுத்தத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகப் பீறிடும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

குற்றவாளி யார்?

* கூலன்ட் குறைந்திருந்தால்: ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்பில் ஒழுகல்.

* நெரிசலில் மட்டும் கொதித்தால்: ஃபேன்.

* ஏற்றத்திலும் வேகத்திலும் கொதித்தால்: ரேடியேட்டர் அடைப்பு.

* மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால்: தெர்மோஸ்டாட் மீது சந்தேகம்.

* ஒழுகல் இல்லாமலே கூலன்ட் குறைந்து, வெள்ளைப்புகை வந்தால்: ஹெட் கேஸ்கட்.

கடைசி ஆசாமிதான் பொல்லாதவன். “மெதுவா ஓட்டிப் போயிடலாம்” என்று கிளம்பினால் என்ஜினே காலி! கட்டி இழுத்துச் செல்வதே லாபம்.