தென்னைக் குழி எடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

பிசான அறுவடை முடிந்ததும் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் மண் வேலைகள் தொடங்கிவிடும். மேடு வெட்டிச் சமன் செய்தல், கிணற்றிலிருந்து பி.வி.சி. குழாய் பதித்தல், தென்னைக்குக் குழி எடுத்தல் என்று கோடை முழுவதும் வேலை இருக்கும். முன்பெல்லாம் நாலு ஆள் இரண்டு நாள் செய்த வேலையை இப்போது ஜே.சி.பி. இயந்திரம் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. மண்வெட்டி எதிலாவது தட்டினால் ஆளின் கை உணர்ந்து நிறுத்தும். இயந்திரத்தின் வாளிக்கு அந்த உணர்வு கிடையாது.

இன்று மண்ணுக்கு அடியில் பல தடங்கள் ஓடுகின்றன. தாமிரபரணி ஆற்றுப்படுகையிலுள்ள உறைகிணறுகளிலிருந்து தூத்துக்குடி, விருதுநகர் மாவட்ட ஊர்களுக்கும் குடிநீர்க் குழாய்கள் செல்கின்றன. தொலைபேசிக் கண்ணாடி இழைக் கேபிள்கள் சாலையோரமாகச் செல்கின்றன. 1986 வரை திருநெல்வேலியோடு இருந்த தூத்துக்குடிப் பகுதிக்கு, ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் நீள இயற்கை எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. இவற்றைக் கண்டறிந்து அடையாளமிடும் வேலையில் வழங்கும் சில சொற்களை விவசாயிகளும் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, மேல்மூடு ஆழம். தரைமட்டத்திலிருந்து குழாய் அல்லது கேபிளின் மேற்புறம் வரை உள்ள மண்ணின் அளவு இது. மின்கேபிள் பதிப்பதற்கான 1983-ஆம் ஆண்டு இந்தியத் தர விதியின்படி, தாழ்வழுத்தக் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர், 11 கிலோவோல்ட் கேபிளுக்கு 90 சென்டிமீட்டர், 33 கிலோவோல்ட்டுக்கு 105 சென்டிமீட்டர் மேல்மூடு இருக்க வேண்டும். தென்னைக் குழியின் ஆழம் 3 அடி, அதாவது சுமார் 90 சென்டிமீட்டர். எனவே விதிப்படி சரியாகப் பதித்த கேபிளையும் தென்னைக் குழி எட்டிவிடும். மேலும், இது பதித்த நாளின் அளவு. பிறகு மேட்டை ஓர் அடி வெட்டிச் சமன் செய்திருந்தால் மேல்மூடும் ஓர் அடி குறைந்துபோயிருக்கும். வெள்ளம் மண்ணை அரித்த இடத்திலும் இதே நிலைதான்.

அடுத்தது, வழிக்கல். தடம் செல்லும் வழியைக் காட்ட நடப்படும் கல் அல்லது கம்பம் இது. எரிவாயுக் குழாயின் கம்பத்தில் நிறுவனத்தின் பெயரும் அவசரத் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கும். அந்த எண்ணை வேலை தொடங்குமுன் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். குடிநீர்க் குழாய்க்கு வால்வுத் தொட்டிகளே பெரும்பாலும் அடையாளம். ஆனால் இரண்டு கல்லுக்கு இடையே நூல் பிடித்தாற்போல் குழாய் ஓடுவதாக நினைக்கக் கூடாது. பாறையோ மரமோ குறுக்கிட்ட இடத்தில் வளைத்திருப்பார்கள். கல்லைப் பிடுங்கி வரப்போரம் நடுவதும் நடக்கிறது. அப்படிச் செய்தால் அடுத்துத் தோண்டுகிறவர் தவறான இடத்தை நம்பித் தோண்டுவார்.

பயன்பாட்டு உரிமை என்பது சட்டச் சொல். 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். அதனடியில் குழாய் பதிக்கும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். பயிர்ச் சேதத்திற்கு ஈடும், நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் தரப்படும். அந்தப் பட்டையில் நெல், உளுந்து, காய்கறி போன்றவற்றை வழக்கம்போல் பயிரிடலாம். கட்டடம், கிணறு, குளம், மரம் ஆகியவை கூடாது. அங்கே தென்னைக்கும் இடமில்லை. 10 சதவீதம் போதுமா என்பது வேறு வழக்கு. ஆனால் நிலம் வாங்குவோர் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கருவி கொண்டு தடம் தேடுவதை இடங்காட்டல் என்பர். சாதாரணக் கருவி உலோகக் குழாயையும் மின்கேபிளையும் காட்டும். பி.வி.சி. குழாயையும் உலோகமில்லாத கண்ணாடி இழைக் கேபிளையும் காட்டாது. தரைக்குள் அலை செலுத்திப் பார்க்கும் ரேடார் கருவியும் ஈரக் களிமண்ணில் தடுமாறும். நஞ்சை மண்ணில் அதை நம்பிப் பயனில்லை. இத்தகைய இடங்களில் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரைக் கேட்பதே மேல். எந்த வால்வைத் திருப்பினால் எங்கே தண்ணீர் நிற்கும் என்பது அவருக்கே தெரியும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சோதனைக் குழி. அடையாளம் தடத்தின் உத்தேச இடத்தையே சொல்லும். உண்மையான இடத்தைக் கண்ணால் கண்டே உறுதிசெய்ய வேண்டும். தடத்திற்குக் குறுக்காக, கடப்பாரையால் குத்தாமல், மண்வெட்டியால் மெல்ல மண்ணை ஒதுக்கிப் பார்க்க வேண்டும். செங்கல் வரிசையோ, மணற்படுகையோ, எச்சரிக்கை நாடாவோ தென்பட்டால் கீழே தடம் இருக்கிறது என்று அறிந்து நிறுத்திவிட வேண்டும்.

தோண்டும் செய்தியைத் தடத்திற்குரியவர்களுக்குத் தெரிவிக்க 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செல்போன் செயலியை மத்திய அரசு 2023 மார்ச் 22-இல் தொடங்கியது. வரைபடத்தில் இடத்தைக் குறித்தால், அச்செயலியில் பதிவு செய்துள்ள நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அமெரிக்காவில் இதற்கு 2007 முதல் 811 என்ற எண் உள்ளது. அங்கே மின்சாரத்திற்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைபேசிக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம் எனத் தரையில் வண்ணமிட்டுச் செல்வார்கள். இங்கே செயலியோடு நின்றுவிடாமல் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் ஊராட்சியிலும் நேரில் கேட்டுக்கொள்வது நலம்.

எரிவாயுக் குழாயில் வாளி பட்டுவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று வரும் திசை நோக்கி எல்லாரும் விலகிப் போக வேண்டும். பீடி, தீக்குச்சி, செல்போன் எதையும் அருகில் பயன்படுத்தக் கூடாது. நெடுந்தூரக் குழாய்களில் வாசனை சேர்க்காமலும் வாயு செல்வதுண்டு. நாற்றமில்லை என்று அசட்டையாக இருக்கலாகாது. வாளி லேசாக உரசியிருந்தாலும் மண்ணைத் தள்ளி மூடிவிடாமல் உடனே தெரிவிக்க வேண்டும். உரசிய இடம் பின்னாளில் வெடிக்கக் கூடும். மின்கேபிளில் பட்டால் ஓட்டுநர் இறங்காமல் இருக்கையிலேயே இருக்க வேண்டும். மற்றவர்கள் இயந்திரத்தைத் தொடக் கூடாது.

விவசாயிகள் தாங்களே பதிக்கும் குழாய்க்கும், மோட்டார் கேபிளுக்கும் பெரும்பாலும் எந்த அடையாளமும் இருப்பதில்லை. பதித்தவர் காலத்திற்குப் பின் மகனுக்கு வழி தெரியாது. பள்ளத்தை மூடுமுன், குழாயின் ஒவ்வொரு திருப்பமும் கிணற்று மேட்டிலிருந்து எத்தனை அடி, எல்லைக் கல்லிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, புலப்பட நகலில் எழுதிப் பட்டாவோடு சேர்த்து வைத்துவிடலாம்.