கைக்குக் கிடைத்த அதிசயங்கள்

வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் விளையாடித் திரும்பும் பிள்ளைகளின் சட்டைப் பையில் என்னென்ன இருக்கும் என்பதைத் தாய்மார்கள் நன்கறிவார்கள். நத்தை ஓடு, கிளிஞ்சல், பாம்புச் சட்டையின் துண்டு, வழவழப்பான கூழாங்கல். துணி துவைக்கும் வேளையில் அவற்றைக் குப்பையில் கொட்டிவிடுகிறோம். பிள்ளையின் முகம் வாடுவதைக் கவனிப்பதில்லை. ஆனால், இத்தகைய பொருட்களை அறிவின் வாயிலாகக் கருதிய பெருமக்கள் நம் தஞ்சைத் தரணியிலேயே வாழ்ந்திருக்கிறார்கள்.

1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் அவர்களுள் ஒருவர். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றுவிட, அவர் தம் கவனத்தைக் கல்வியின்பால் திருப்பினார். சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கினார். ஐரோப்பாவிலிருந்து நூல்களையும் கருவிகளையும் வரவழைத்தார். பறவைகளையும் விலங்குகளையும் ஓவியர்களைக் கொண்டு தீட்டச் செய்தார்.

தஞ்சை அரண்மனையில் திமிங்கல எலும்புக்கூடு ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அரண்மனையில் இருப்பதால் அதுவும் மன்னர் சேர்த்ததே என்று எண்ணத் தோன்றும். அது 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தினுடையது. ஊரும் ஆண்டும் குறித்து வைக்கப்பட்டதால்தான் உண்மை நமக்குத் தெரிகிறது.

அதே தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1791 நவம்பரில், டால்டார்ஃப் என்னும் அதிகாரி, குளத்தங்கரைப் பனைமரத்தின் பட்டை வெடிப்பில் ஒரு மீனைக் கண்டார். நம் வயல்களில் காணும் பனையேறிக் கெண்டைதான் அது! கண்ட இடத்தையும் காலத்தையும் அவர் எழுதி அனுப்ப, 1797இல் இலண்டன் லின்னேயஸ் சங்கம் அதனை வெளியிட்டது. அது உண்மையில் மரமேறுமா என்று பின்வந்த அறிஞர்கள் ஐயுற்றனர். எனினும் செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நகர்வதும், காற்றைச் சுவாசித்து நீருக்கு வெளியே நெடுநேரம் உயிர்வாழ்வதும் உறுதிசெய்யப்பட்டுள்ளன. நம் உழவர்கள் அன்றாடம் கண்ட மீனை உலகம் பேசியதற்கு அந்தச் சிறு குறிப்பே காரணம்.

முஸ்லிம் அறிஞர்களும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. 1283இல் மறைந்த ஸகரிய்யா அல்கஸ்வீனி, விண்ணிலும் மண்ணிலும் உள்ள விந்தைகளைத் தொகுத்து "அஜாயிபுல் மக்லூகாத்" என்னும் பெருநூலை இயற்றினார். படைப்பைக் கண்டு வியப்பது படைத்தவனை அறிவதற்கு வழி என்ற எண்ணமே அவரை அப்பணியில் ஈடுபடுத்தியது.

கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பகுதியில் நிலத்தைத் தோண்டினால் கடல்வாழ் உயிர்களின் கல்லான ஓடுகள் கிடைக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்குக் கடல் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. ஆனால் எங்கே கிடைத்தது என்ற குறிப்பில்லாமல் அலமாரியில் கிடந்தால், அச்சாட்சி வாய் திறவாது.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளை கொண்டுவரும் பொருளை வீசியெறியாதீர்கள். அட்டைப் பெட்டி ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு பொருளுடனும் ஒரு துண்டுத் தாளில், கிடைத்த இடம், நாள், கண்டெடுத்தவர் பெயர் ஆகிய மூன்றையும் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். முட்டையுள்ள கூட்டையும் உயிருள்ள பிராணியையும் எடுத்துவரலாகாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அவற்றைப் பார்த்து எழுதினாலே போதும்.

குளங்கள் தூர்ந்து மனைகளாகிவரும் காலம் இது. இன்று உங்கள் பிள்ளை எழுதிவைக்கும் நான்கு வரிகள், இந்தக் குளத்தில் இன்ன மீன் இருந்தது என்று நாளை சொல்வதற்கு எஞ்சும் ஒரே சான்றாகவும் ஆகக்கூடும்.